'குனியாதவள்' படத்தோடு கட்டுமாவடி வரை

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. கொரியாவிலிருந்து ஒரு பெண் இயக்குநர், தான் எடுத்த படத்தோடு எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வந்தார்.
2. அவருக்கு மொழிபெயர்ப்பாளராக, கம்பெனியில் விடுப்பு எடுத்துக்கொண்டு நான் கூடப் போனேன்.
3. அடுத்த படத்துக்காக இங்கிருந்து ஒருவரை ஆறு மாதம் கொரியாவுக்கு அழைத்துப்போகப் போவதாக அவர் முன்பே எனக்கு எழுதியிருந்தார். அந்த ஒருவர் நான்தான் என்று முடிவு செய்துகொண்டேன்.
4. படத்தை மூன்று ஊர்களில் போட்டோம். மூன்று ஊரிலும் மாமியார் கட்சிதான் ஜெயித்தது.
5. கார் படுத்துக்கொண்டது. மின்சாரம் போய்ப் போய் வந்தது.
6. கட்டுமாவடிக் கல்லறையில் அமலி தன் அப்பாவைத் திட்டினாள். அதன் பிறகு நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்த ஒரு வாக்கியத்தால்தான் இதை எழுதுகிறேன்.

என் சொந்த ஊர் ஆலங்குடி. வேலை சென்னைக்குப் பக்கத்தில், ஒரு கொரிய உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில். கொரிய மொழியை வகுப்புக்குப் போய்ப் படித்தேன்; பேச வந்தது படங்களால். எங்கள் மேலாளரின் மனைவி தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர். விடுதியில் பொழுது போகாமல் கிடந்த எனக்கு அவர் கொடுத்ததெல்லாம் ஒரே வகைப் படங்கள்: கஷ்டப்படுகிற கிறிஸ்தவர்களின் கதைகள்.

நாலைந்து பார்த்தாலே பட்டியல் போட்டுவிடலாம். ஆஸ்பத்திரி வராந்தா ஒன்று இருக்கும். தேய்ந்த ஷூ போட்ட போதகர் ஒருவர் இருப்பார். விடியும் முன் பனியில் நடந்து பிரார்த்தனைக்குப் போகிற தாய் கட்டாயம் உண்டு. கடைசியில் அவள் ஆளில்லாத தேவாலயத்தில் தரையில் உட்கார்ந்து, "இன்னும் எவ்வளவு தாங்கச் சொல்கிறீர்?" என்று கடவுளிடம் சத்தம் போடுவாள்.

அந்த இடம் வரும்போது மற்றவர்களுக்கு அழுகை வரும். எனக்குப் பொறாமை வரும். எங்கள் வீட்டிலும் சாமி உண்டு. மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிறோம், தேங்காய் உடைக்கிறோம். ஆனால் நான் எந்தச் சாமியிடமும் குரலை உயர்த்தியது கிடையாது. உயர்த்துகிற அளவுக்கு எனக்கு எதுவும் நடக்கவும் இல்லை. அப்பாவுக்குத் தென்னையும் கடலையும் இருக்கின்றன. அம்மாவுக்குச் சர்க்கரைகூட இல்லை. படங்களின் பிரார்த்தனைகளைக் கேட்டே கொரிய மொழி பழகியதால், நான் ஸ்பேனர் கேட்டால்கூட ஆண்டவரிடம் கேட்கிற மாதிரி இருக்கிறது என்று கொரிய சூப்பர்வைசர்கள் சிரிப்பார்கள்.

இந்த இயக்குநரின் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் போட்டது நான். தமிழ்ப் பெயர் வைத்ததும் நான்: 'குனியாதவள்'. ஒரு துறைமுக ஊரின் மூத்த மருமகள் கிறிஸ்தவளாகிறாள். கொரிய வீடுகளில் இறந்த பெரியவர்களுக்கு ஆண்டுதோறும் சாப்பாடு படைத்து, குடும்பமே விழுந்து வணங்கும். அவளுடைய சபையில் அது விலக்கு. மாமனாரின் படையல் முன் அவள் குனிய மறுக்கிறாள். மாமியார் அவளை வீட்டைவிட்டு அனுப்புகிறாள். மீன் சூப் விற்றுப் பிள்ளையை வளர்க்கிறாள். கடைசியில் படுக்கையில் விழுந்த மாமியாரை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். மாமியார் இறந்த பிறகும், படையல் அன்று குனியாமல் வாசலில் பனியில் நிற்கிறாள். அதோடு படம் முடிகிறது. கொரியாவில் அந்தக் காட்சிக்கு அரங்கமே அழுததாக இயக்குநர் சொன்னார்.

முதல் நாள், புதுக்கோட்டை

அவர் எப்படி இருப்பாரோ என்று பயந்திருந்தேன். குட்டை முடி, சாம்பல் நிறச் சட்டை, கழுத்தில் சின்னச் சிலுவை, முதுகில் ஒரு பை, அவ்வளவுதான். ஐம்பதைத் தாண்டியவர். நான் இரண்டு பெட்டி கொண்டுபோயிருந்தேன்.

கல்லூரி அரங்கில் பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். படம் முடிந்ததும் முதல் கேள்வி, கொரியப் பாட்டுக் குழுப் பையன்களை நேரில் பார்த்திருக்கிறீர்களா என்பது. "ஒருவனைப் பார்த்திருக்கிறேன், மிகவும் ஒல்லி" என்றார். விசில் பறந்தது. அடுத்து ஒரு மாணவி எழுந்து, "மேடம், மாமியாரா நடிச்சவங்க சூப்பர். அவங்க பக்கம்தான் நியாயம் இருக்கு" என்றாள். நான் மொழிபெயர்த்தேன். இயக்குநர் தலையசைத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

பிறகு தள்ளுவண்டிக் கடையில் முட்டை மாஸ் வாங்கிக்கொடுத்தேன். வேகவைத்த முட்டையை வெங்காயத்தோடு மசாலாவில் புரட்டித் தருவது, எங்கள் ஊர்ப் பண்டம். முதல் வாயிலேயே இயக்குநருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. தட்டை மட்டும் விடவில்லை. "இவங்களுக்கு இன்னொரு பிளேட் குடு, காசு வேணாம்" என்றார் கடைக்காரர். அதே கடையில் நான் எத்தனையோ வருடம் சாப்பிட்டிருக்கிறேன். எனக்கு ஒரு முட்டை இலவசமாக வந்ததில்லை.

இரண்டாம் நாள், ஆலங்குடி

பாதி வழியில் மழை பிடித்தது. கார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. டிரைவர் பானெட்டைத் திறந்து பார்த்து, "தண்ணி ஏறிருச்சுங்க. நீங்க பஸ்ல போயிருங்க, நான் பின்னாடியே வாரேன்" என்றார். வரவில்லை.

பஸ்ஸில் நிற்கத்தான் இடம். புரொஜெக்டரை நான் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இயக்குநரைக் கண்டக்டர் பார்த்தார். "யாருங்க இவங்க, சைனாவா?" "கொரியா." "அப்டியா! எம் மக ராப்பகலா அதான் பாக்குது." உடனே என்ஜின் மூடிப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒருவரை எழுப்பி அவருக்கு இடம் வாங்கிக்கொடுத்தார். நான் ஆலங்குடி வரை நின்றேன்.

எங்கள் வீட்டில்தான் தங்கல். இயக்குநர் அன்பளிப்பாகக் காய்ந்த கடல்பாசித் தாள்கள் கொடுத்தார். அம்மா ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "என்னடி இது, கார்பன் பேப்பரா?" என்றாள். நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன். இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தார். அதோடு இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். அம்மா அவருக்கு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தாள், நனைந்த காலுக்கு வெந்நீர் வைத்தாள், மூன்றாவது முறை சோறு போட்டாள். என்னிடம், "நீ போட்டுத் தின்னுக்க" என்றாள்.

மாலையில் கல்யாண மண்டபத்தில் படம். தெரிந்த முகங்கள், பெரும்பாலும் பெண்கள். இந்தப் படத்துக்கு இவர்களைவிடப் பொருத்தமான ஆட்கள் கிடைக்க மாட்டார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இலை போட்டுப் படைக்கிறவர்கள். எந்தப் பதார்த்தம் எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று கொரிய மாமியார் மருமகளை அதட்டியதும் கைதட்டலே கிடைத்தது. மருமகள் குனிய மறுத்ததும் மண்டபம் கொதித்துவிட்டது.

"செத்த மனுசனுக்கு ஒரு கும்புடு போட்டா இவ கழுத்து சுளுக்கிக்குமா?" இது என் அம்மா.

"அந்தக் கெழவி மூஞ்சியப் பாருக்கா, பாவம். எனக்கு இப்புடி ஒருத்தி வாய்ச்சா நான் கெணத்துல விழுந்துருவேன்."

"நீ விழ வேணாம். அவளே தள்ளிருவா."

எல்லாவற்றையும் இயக்குநரின் காதில் சொல்லிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு நடக்கும்போது, "அவர்கள் வேறு சமயத்தவர்கள், அப்படித்தான் பார்ப்பார்கள்" என்றார். "நாளை கட்டுமாவடியில் நம் ஆட்கள். அவர்களுக்குப் புரியும்." நம் ஆட்கள் என்றதில் நான் இருக்கிறேனா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மூன்றாம் நாள், கட்டுமாவடி

அறந்தாங்கி போய், பஸ் மாறி, கடல் வாடை வரும்வரை போனோம். அமலி பஸ் நிறுத்தத்தில் குடையோடு நின்றாள். அமலியும் நானும் கல்லூரியில் ஒரே பெஞ்ச். ஒரே நாளில் ஒரே கம்பெனிக்குத் தேர்வானோம். வேலைக்குச் சேர வேண்டிய வாரத்தில் அவள் அப்பா படகிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். நான் போனேன். அவள் போகவில்லை. இப்போது பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். இந்தத் திரையிடலுக்கு ஊர்க் கத்தோலிக்கக் கோயில் வளாகத்தைப் பேசி வைத்தவள் அவள்தான்.

அவர்கள் தெருவில் இயக்குநரைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். "ஸ்தோத்திரம் சிஸ்டர்." குட்டை முடி, சாம்பல் சட்டை, கழுத்தில் சிலுவை: கன்னியாஸ்திரீ என்று முடிவு செய்துவிட்டார்கள். இல்லை, சினிமா எடுக்கிறவர் என்றேன். "சிஸ்டருங்க சினிமாவெல்லாம் எடுக்குறாங்களா, நல்லது" என்றார் ஒருவர். கல்யாணமானவர் என்றேன். "அப்ப முன்னாடி சிஸ்டரா இருந்துருப்பாங்க." அதற்கு மேல் நான் முயலவில்லை. கரையில் ஒரு புதுப் படகு நின்றது. அதைத் தொட்டுக்கொடுக்கச் சொன்னார்கள். இயக்குநர் என்னைப் பார்த்தார். "சும்மா தொடுங்கள்" என்றேன். தொட்டார். என்ஜின் ஒரே இழுப்பில் பிடித்தது. அதோடு அவர் ஊருக்கே சிஸ்டர் ஆகிவிட்டார்.

மதியம் அமலி வீட்டில் நெத்திலிக் கருவாடும் மீன் குழம்பும். இயக்குநர் கருவாட்டை முகர்ந்து, தன் ஊரிலும் இதேதான் என்று கண்ணை மூடிக்கொண்டார். ஆலங்குடியில் அவர் இப்படிக் கண்ணை மூடவில்லை. அம்மாவின் சாம்பாருக்காக எனக்கு மனசு வலித்தது.

மறுநாள் கல்லறைத் திருநாள். அதனால் வெளியூரில் இருந்தவர்களும் வந்திருந்தார்கள். வளாகம் நிறைந்திருந்தது. மின்சாரம் போனபோதும் யாரும் எழுந்து போகவில்லை. ஜெனரேட்டர் வரும்வரை பாட்டுப் பாடினார்கள். விடியல் பிரார்த்தனைக் காட்சிகளில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். இயக்குநர் என் கையை அழுத்தினார். பிறகு படையல் காட்சி வந்தது. சலசலப்பு தொடங்கியது. படம் முடிந்து கேள்வி நேரம் என்றதும் அமலியின் அம்மா சவேரியம்மா எழுந்து நின்றார்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. அந்தப் பொண்ணு கெட்டிக்காரி, உழைப்பாளி, செபம் பண்றவ. எல்லாம் சரி. ஆனா மாமனாருக்கு ஒரு தட்டு வைக்க ஏன் மாட்டேங்குறா?"

இயக்குநர் சொன்னார், நான் சொன்னேன்: "எங்கள் சபையில் அது பாவம்."

"செத்தவங்களுக்குச் சோறு வைக்கிறது பாவமா? நாளைக்கி நாங்க அம்புட்டுப் பேரும் வைக்கப் போறோம். எங்க வீட்டுக்காரருக்குப் பணியாரம், பக்கத்து வீட்டுக்காரருக்கு முறுக்கு. எங்க சாமியாரே வந்து தீர்த்தம் தெளிச்சிட்டுப் போவாரு. ஆண்டவரு ஒரு நாளும் கோவிச்சுக்கிட்டதில்ல."

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. இயக்குநர் மிக மெதுவாகப் பேசினார். மொழிபெயர்ப்பாளர் அடுத்தவர் சொல்வதை 'அவர்' என்று சொல்லக்கூடாது. 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். அது எங்கள் வேலை முறை. அப்படியே சொன்னேன்: "இது என் கதைதான். என் இருபதாவது வயதில் அப்பா இறந்தார். படையலில் நான் குனியவில்லை. அண்ணன் என்னை வீட்டுக்குள் விடுவதை நிறுத்திவிட்டான். அப்பாவின் கல்லறைக்கும் வரக்கூடாது என்றான். இதுவரை போனதில்லை."

எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் என் முட்டியைத் தொட்டு, "ஐயோ, ஒங்கப்பா செத்துட்டாராம்மா?" என்றார். "எனக்கில்லைங்க, அவங்களுக்கு" என்றேன். ஆனால் அந்தக் கை என் முட்டியில் இருந்த அந்த ஒரு நொடி எனக்குப் பிடித்திருந்தது.

சவேரியம்மா கூட்டத்தைத் தாண்டி வந்து இயக்குநரின் இரண்டு கையையும் பிடித்தார். "ஒங்க அப்பாவுக்கு என்ன புடிக்கும்?"

"மீன் தலை. முள்ளை நான்தான் எடுத்துக்கொடுப்பேன்."

"நாளைக்கி வச்சிருவோம்."

இருவரும் அழுதார்கள். ஒருவரையொருவர் பார்த்து அழுதார்கள். நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றிருந்தேன். சொன்ன ஒவ்வொரு சொல்லும் என் வாய் வழியாகத்தான் போனது, வந்தது. இருவருமே என்னைப் பார்க்கவில்லை.

நான்காம் நாள், கல்லறை

காலையிலேயே கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, செவ்வந்திப் பூ போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். காற்றில் அணைய அணைய ஏற்றினார்கள். அமலியின் அப்பா கல்லறையில் பணியாரமும் ஒரு டம்ளர் கடுங்காப்பியும். அதன் பக்கத்திலேயே சவேரியம்மா இன்னொரு தட்டு வைத்தார்: சோறு, குழம்பு, பெரிய மீன் தலை.

"ரெண்டு பேரும் பேசிக்கிட்டுத் தின்னட்டும்."

இயக்குநர் குனியவில்லை. நானும் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் தட்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, மீன் தலையிலிருந்து முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தார். எல்லா முள்ளையும் எடுத்து முடித்த பிறகுதான் விரலைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது அமலி பேசத் தொடங்கினாள். அப்பாவிடம். எங்களையெல்லாம் மறந்துவிட்டாள்.

"நல்லாத் தின்னு. ஒனக்கென்ன, வருசா வருசம் பணியாரம் வந்துரும். ஒரு வாரம் பொறுத்துச் செத்துருக்கக் கூடாதா? நான் பெட்டி கட்டி வச்சிருந்தேன்ப்பா. இந்தா நிக்கிறா பாரு, இவளும் நானும் ஒண்ணாப் போறதா இருந்துச்சு. இவ போயிட்டா. நல்லா இருக்கா. நான் ரெண்டாம் வாய்ப்பாடு சொல்லிக்குடுத்துக்கிட்டு இருக்கேன். ஆண்டவர்ட்ட கேட்டேன், பதிலக் காணோம். நீயாவது அங்கிட்டுப் போய்க் கேட்டியா? கேட்டிருக்க மாட்ட. அங்கயும் சீட்டு வெளாடிக்கிட்டுத்தான் இருப்ப."

சவேரியம்மா, "அடியே, மெதுவாடி, பக்கத்துக் கல்லறைல நிக்கிற அந்தோணி அண்ணன் பாக்குறாரு" என்றார். அமலி மூக்கை உறிஞ்சிவிட்டு, பணியாரத்தில் ஒன்றை எடுத்து அவளே தின்றாள்.

எல்லாவற்றையும் தாழ்ந்த குரலில் இயக்குநருக்குச் சொல்லிவிட்டேன். 'இவ போயிட்டா, நல்லா இருக்கா' என்பதையும் விடவில்லை. விட்டிருக்கலாம். அமலி அப்பாவிடம் சொன்னதில் எனக்கும் ஒரு செய்தி இருந்தது: என்மேல் அவளுக்கு இத்தனை வருடம் பொறாமை. எனக்கு அது தெரியாது. அதே நேரத்தில் நான் அவள்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன் என்பது அவளுக்கும் தெரியாது. படங்களில் நான் பார்த்துப் பார்த்து ஏங்கிய அந்தச் சத்தத்தை அவள் பனியும் இசையும் இல்லாமல், பணியாரத்தை மென்றுகொண்டே போட்டுவிட்டாள்.

அமலியும் அவள் அம்மாவும் கூட வர, கல்லறைச் சுவரோரம் இயக்குநர் என்னை நிறுத்தினார். "இதைக் கவனமாக மொழிபெயர்க்க வேண்டும்" என்றார். வந்துவிட்டது என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்து அமலிக்கும் புரிந்துவிட்டது. நான் என்ன எதிர்பார்த்து வந்திருக்கிறேன் என்பதை அவளிடம் சொல்லியிருந்தேன்.

"ஒனக்குக் கெடச்சிருச்சாடி?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் என்னைக் கட்டிக்கொண்டாள். உண்மையான சந்தோஷம். அது எனக்குத் தெரிந்தது.

இயக்குநர் சொன்னார்: "அமலியிடம் கேளுங்கள். அடுத்த படத்தில் கொரியத் துறைமுகத்துக்கு வேலைக்கு வரும் ஒரு தமிழ்ப் பெண் இருக்கிறாள். அவளை எழுத முடியாமல் ஒரு வருடமாக வைத்திருக்கிறேன். அவளாக நடிக்க அமலி என்னோடு வர முடியுமா?"

அந்த இடத்தில் இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். யோசித்துவிட்டுச் சொல்கிறாளாம் என்று இயக்குநரிடமும், நன்றி சொல்கிறார் என்று அமலியிடமும் சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இவை இரண்டும் அப்போதே வார்த்தையாக என் வாயில் இருந்தன. அமலியின் கை இன்னும் என் தோளில் இருந்தது.

"நான் இல்லடி" என்றேன். பிறகு வேலை முறைப்படி முழுதாகச் சொன்னேன்: "என்னோட கொரியாவுக்கு வர முடியுமா, அமலி? என் அடுத்த படத்துல ஒரு தமிழ்ப் பொண்ணா நீ நடிக்கணும்."

அமலி என் தோளை விட்டாள். என்னைப் பார்த்தாள், இயக்குநரைப் பார்த்தாள். "அம்மாவ விட்டுட்டு நான் எங்கிட்டு..." என்று ஆரம்பித்தாள்.

"போடி" என்றார் சவேரியம்மா. "ஒங்கப்பன் ஒன்னய ஒக்கார வச்சது போதும்."

அதையும் மொழிபெயர்த்தேன்.

அறந்தாங்கி பஸ்ஸில் இயக்குநரும் நானும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தோம். கேட்காமல் ஊர் திரும்பினால் தூக்கம் வராது என்று தெரியும். ஏன் நான் இல்லை என்று நேராகவே கேட்டேன். அவர் தயங்கவில்லை.

"நான்கு நாளில் நீங்கள் ஒரு வாக்கியத்தையும் விடவில்லை. நான் அழுதபோதும் உங்கள் குரல் மாறவில்லை. உங்களைவிட நல்ல மொழிபெயர்ப்பாளர் எனக்குக் கிடைக்க மாட்டார். ஆனால் ஒருவரைத்தான் கூட்டிப்போக முடியும். எனக்கு இந்த முறை வேண்டியது அவள்."

நன்றி என்றேன். அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அறந்தாங்கி வரும்வரை நான் அசையவில்லை.

இப்போதைய நிலை இதுதான். அமலியின் விசாவுக்கு விண்ணப்பித்தாயிற்று. ஆறு மாத விடுப்புக்கு நான் கொடுத்திருந்த கோரிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பழைய ஷிப்டிலேயே இருக்கிறேன். படம் முடிந்ததும் அமலி தமிழில் பேசுவதற்குக் கொரிய சப்டைட்டில் எழுத வேண்டும் என்று இயக்குநர் கேட்டிருக்கிறார், ஒப்புக்கொண்டேன். திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் போனில் அவளுக்குக் கொரிய மொழி சொல்லிக்கொடுக்கிறேன். வேகமாகக் கற்றுக்கொள்கிறாள். பொறாமை கொஞ்சமும் குறையவில்லை. நாளை வெள்ளிக்கிழமை, கடையில் சாமான் வாங்குவது எப்படி என்ற பாடம்.